ரத்த வாந்தி: வளையமா, பசையா, டிப்ஸா, அறுவையா?

இரவு ஒன்றரை மணி. எண்டோஸ்கோப்பி அறை வாசலில் ஒரு அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் ஒப்புதல் படிவம். "கையெழுத்து போடச் சொல்றாங்க சிஸ்டர். உள்ள ரப்பர் பேண்டு போடுவாங்களாம். அதுல நிக்கலைன்னா கழுத்து வழியா ஏதோ குழாய் வைக்கணுமாம். எதுக்கு நான் சரின்னு சொல்றது?" கணவர் வாந்தியெடுத்த ரத்தம் அவருடைய முந்தானையில் காய்ந்து கறுத்திருந்தது.

பதினாறு வருடமாக இந்த அறையில் செவிலியராக நிற்கிறேன். இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கதவு சாத்துவதற்குள் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை இது. அன்று அந்த அக்காவுக்குச் சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். முடிவெடுப்பது உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான். ஆனால் அவர் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தால், வாசலில் நிற்கும்போது சரியான கேள்வியைக் கேட்கலாம்.

எங்கள் பக்கம் இதை "நரம்பு வெடிச்சிருச்சு" என்றுதான் சொல்வோம். நரம்பு அல்ல, அது சிரை, உறுப்புகளிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் குழாய். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. மதுவாலோ, மஞ்சள் காமாலை வைரஸாலோ, கொழுப்புப் படிந்தோ கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனால் (சிரோசிஸ் என்பது இதுதான்) ரத்தம் உள்ளே நுழையத் திணறும். மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையில் பலவீனமான இடம் தேடுமே, அப்படி இந்த ரத்தம் உணவுக்குழாய், இரைப்பைச் சுவரில் உள்ள மெல்லிய சிரைகளுக்குள் புகுந்து அவற்றை வீங்கவைக்கிறது. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் இயல்பாக 5 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகாது. 10-ஐ எட்டினால் சிரைகள் வீங்க ஆரம்பிக்கும். 12-ஐத் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து வந்துவிடுகிறது. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில்கூட இப்படி ரத்தம் கக்கிய நூறு பேரில் 15 முதல் 20 பேரை ஆறு வாரத்துக்குள் இழந்துவிடுகிறோம்.

எது சிறந்த சிகிச்சை என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ரத்தம் வருவது உணவுக்குழாயிலிருந்தா, இரைப்பையிலிருந்தா? கல்லீரலில் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது? இவை தெரிந்தபிறகுதான் தேர்வு என்ற பேச்சே வரும்.

முதல் சில மணி நேரம்

ரத்த வாந்தியோ தார் போன்ற கறுப்பு மலமோ கண்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வழியில் சோடா, மோர், இளநீர் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவரை மல்லாக்கப் படுக்கவைக்காமல் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பிக்குக் காத்திருக்கும்போதே சிரை அழுத்தத்தைக் குறைக்கும் ஊசி ஆரம்பமாகிவிடும். டெர்லிபிரெஸின், ஆக்ட்ரியோடைடு, சொமட்டோஸ்டேட்டின் என்று மூன்று உண்டு. ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ரத்தத்தை நிறுத்துவதில் மூன்றும் ஏறக்குறைய சமம்தான். வித்தியாசம் பக்கவிளைவில். டெர்லிபிரெஸின் உடம்பெங்கும் ரத்தக்குழாய்களை இறுக்கும். விரல்கள் சில்லிட்டு நீலம் பாயும், சிலருக்கு நெஞ்சுவலி வரும், சோடியம் இறங்கும். இதய நோயாளிக்கு ஆக்ட்ரியோடைடுதான் பாதுகாப்பு. நோயாளிக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால், மாரடைப்பு வந்திருந்தால், கேட்பதற்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். பழைய சீட்டு வீட்டில் கிடக்கும், நோயாளி வாய் திறக்கும் நிலையில் இருக்கமாட்டார்.

ஊசியோடு செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் போகும். "ரத்தம்தானே வருது, காய்ச்சல் இல்லையே, இது எதுக்கு?" என்று கேட்காதவர் இல்லை. சிரோசிஸ் நோயாளிக்கு ரத்தக்கசிவு வந்தால் கூடவே கிருமித்தொற்றும் வரும். தொற்று வந்தால் நின்ற ரத்தம் திரும்ப வரும். உயிரைக் காப்பதாக நிரூபணமான மருந்து இது. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அதிகச் சண்டை நடப்பது ரத்தம் ஏற்றுவதில். "வாளி வாளியா போயிருக்கு, நீங்க ரெண்டே பாட்டில் ஏத்துறீங்க" என்று கோபப்படுவார்கள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அதிகமாக ஏற்றினால் சிரைகளுக்குள் அழுத்தம் கூடி, அடைபட்ட ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். பார்சலோனாவில் 921 நோயாளிகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றுவது என்று காத்திருந்த பிரிவில் ஆறு வாரத்தில் 95 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள். 9-க்குக் கீழே போனதுமே ஏற்றிய பிரிவில் 91. அதனால்தான் இப்போது ஹீமோகுளோபின் 7-லிருந்து 8-க்குள் நின்றால் போதும் என்று வைத்திருக்கிறோம். பெருவெள்ளமாக ரத்தம் போகும்போதும் இதயநோய் இருக்கும்போதும் கணக்கு மாறும்.

ரத்தம் உறையவைக்கும் டிரானெக்ஸாமிக் அமில ஊசியைச் சில இடங்களில் பழக்கத்தில் இன்னும் போடுகிறார்கள். 12,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஹால்ட்-ஐடி ஆய்வு, வயிறு, குடல் ரத்தக்கசிவில் இதனால் உயிர்ப்பலி குறையவில்லை என்று 2020-ல் காட்டிவிட்டது. கால் சிரைகளிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி வருவது கூடியதுதான் மிச்சம்.

உணவுக்குழாய்: வளையத்துக்குப் போட்டி இல்லை

வந்து 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்துவிட வேண்டும். கருவியின் நுனியில் கண்ணாடி போன்ற ஒரு தொப்பி. அதன்மேல் ஆறேழு ரப்பர் வளையங்கள் வரிசையாக இழுத்து மாட்டியிருக்கும். மருத்துவர் உள்ளே போய் வீங்கிய சிரையைத் தொப்பிக்குள் உறிஞ்சி இழுப்பார். திரை முழுக்கச் சிவந்துபோகும். அந்தக் கணம் கைப்பிடியில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால், வளையம் நழுவி, சுருக்குப் போட்டதுபோல் சிரையின் கழுத்தை இறுக்கும். உறிஞ்சலை விட்டதும் திரையில் ஒரு கருநாவல் பழம்போலத் தொங்கும். வெடித்த இடத்தில் சில சமயம் சின்ன வெள்ளைக் காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது கண்ணில் பட்டால் அறையில் எல்லோருக்கும் மூச்சு வரும். குற்றவாளி அகப்பட்டான்.

இதற்கு மாற்று, சிரைக்குள் அரிக்கும் மருந்தைச் செலுத்திச் சுருங்கவைக்கும் ஊசிமுறை. 1939-ல் சுவீடனில் முதலில் செய்தார்கள். 1980-களில் உலகமெங்கும் இதுதான் நடைமுறை. அமெரிக்காவின் டென்வரில் ஸ்டீக்மன் குழுவினர் வளையம் கட்டும் முறையைக் கொண்டுவந்து, 1992-ல் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுக் காட்டினார்கள். வளையத்தில் சிக்கல்கள் குறைவு, உயிர் பிழைத்தவர்கள் அதிகம். ஊசியில் ஆழமான புண், நெஞ்சுவலி, பிறகு உணவுக்குழாய் சுருங்கிச் சோறு இறங்காமல் போவது எல்லாம் உண்டு. சிரோசிஸ் நோயாளிக்கு உணவுக்குழாயில் ரத்தக்கசிவு என்றால் இன்று வளையத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரத்தம் பீய்ச்சி அடித்து எதுவுமே தெரியாதபோது, தொப்பி மாட்டிய கருவிக்கு வழியில்லாதபோது, மிகச் சின்னக் குழந்தைகளுக்கு, ஊசிக்கு இன்னும் இடம் இருக்கிறது.

வளையத்துக்கும் ஒரு விலை உண்டு. கட்டிய திசு அழுகி விழும்போது அங்கே புண் வரும். சிலருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து அந்தப் புண்ணே கசியும். ஆகவே வீட்டுக்குப் போனதும் முறுக்கும் கறியும் வேண்டாம். முதல் ஓரிரு நாள் கஞ்சி, இளஞ்சூட்டுப் பால், அப்புறம் குழைந்த சாதமும் மோரும். நெஞ்சு பிடித்த மாதிரி வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. அப்படிப் போட்டுக்கொண்டு ஆறாம் நாள் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரைப்பை: இங்கேதான் உண்மையான யோசனை

இரைப்பைச் சிரைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. டெல்லியில் மருத்துவர் ஷிவ் குமார் சரின் 568 நோயாளிகளைப் பார்த்து 1992-ல் வகுத்த பிரிவைத்தான் உலகமே பயன்படுத்துகிறது. உணவுக்குழாய்ச் சிரையே இறங்கி இரைப்பையின் உள்வளைவு ஓரம் நீண்டிருந்தால் அது முதல் வகை. அதை உணவுக்குழாய்ச் சிரைபோலவே நடத்தி வளையம் போடலாம். இரைப்பையின் மேல்குவட்டில், ஃபண்டஸ் என்ற பகுதியில் திராட்சைக்கொத்துபோல் திரண்டிருந்தால் கதை வேறு. இவை அடிக்கடி வெடிப்பதில்லை, வெடித்தால் கொட்டித் தீர்த்துவிடும். அவ்வளவு பருத்த சிரை தொப்பிக்குள் முழுதாக வராது. பாதியைப் பிடித்துக் கட்டினால் வளையம் விழும்போது பெரிய ஓட்டை திறக்கும்.

அங்கே பசை ஊசி. நிஜமாகவே பசைதான். கடையில் விற்கும் உடனடி ஒட்டுப்பசையின் உறவுக்காரனான சயனோஅக்ரிலேட். 1986-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சோஹேந்திரா குழுவினர் இதை இரைப்பைச் சிரைக்குள் செலுத்திக் காட்டினார்கள். ரத்தம் பட்ட நொடியே கெட்டியாகி உள்ளேயே கல்லாக இறுகிவிடும்.

இந்தச் சிகிச்சையில் பசையைத் தள்ளுவது என் கட்டைவிரல். எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொள்வோம், நோயாளியின் கண்ணை மூடிவிடுவோம். ஒரு துளி கண்ணில் தெறித்தால் போதும், ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் ஊசியைக் குத்தி "தள்ளுங்க" என்றதும் தள்ள வேண்டும். நிதானித்தால் பசை ஊசிக்குள்ளேயே இறுகிவிடும். முடிந்த நொடி ஊசியை உருவ வேண்டும். தாமதித்தால் ஊசி சிரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மெல்ல ஒரு குழாய் முனையால் தொட்டுப் பார்ப்பார்கள். சிரை கல்போல் இருந்தால் வேலை முடிந்தது. இதில் பயம் ஒன்றுண்டு. பசைத் துணுக்கு ரத்தத்தோடு பயணித்து நுரையீரலில் போய் அடைக்கலாம். அரிது, ஆனால் நடக்கும். எண்டோ அல்ட்ராசவுண்டு (நுனியில் ஸ்கேன் பொருத்திய எண்டோஸ்கோப்பி) உள்ள இடங்களில் முதலில் சிரைக்குள் உலோகச் சுருளை வைத்து, அதன்மேல் பசை செலுத்துகிறார்கள். சுருள் பசையைப் பிடித்து நிறுத்துவதால் குறைந்த பசை போதும், நழுவும் ஆபத்தும் குறைவு.

பசைக்கு எதிரே நிற்பவை இரண்டு: பிஆர்டிஓ, டிப்ஸ். இரண்டும் எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக்கொண்டே இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர் செய்பவை.

பிஆர்டிஓ ஜப்பானில் வளர்ந்த முறை. ஃபண்டஸ் சிரைகளில் பலவற்றுக்கு இடது சிறுநீரகச் சிரைக்குப் போகும் ஒரு கள்ளவழி இருக்கும். சிடி ஸ்கேனில் அது தெரிந்தால், தொடையிலோ கழுத்திலோ நுழைந்து அந்தக் கள்ளவழியைப் பலூனால் அடைத்து, பின்பக்கமாகவே மருந்தை நிரப்பிச் சிரைக்கொத்தை முழுவதும் அடைத்துவிடுகிறார்கள். மறுபடி கசிவது பசையைவிடக் குறைவு. கள்ளவழியில் ஓடிக்கொண்டிருந்த ரத்தம் கல்லீரலுக்குத் திரும்புவதால், வடிகட்டாத கழிவுகளால் வரும் மூளைத் தடுமாற்றம்கூடச் சிலருக்குத் தெளிகிறது. ஆனால் வடிகாலை அடைத்தால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? வயிற்றில் நீர் கூடலாம், உணவுக்குழாய்ச் சிரைகள் பெருக்கலாம். கள்ளவழியே இல்லாதவருக்கு இது செய்யவும் முடியாது.

டிப்ஸ் நேர்மாறு. கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய், இறுகிய கல்லீரலின் குறுக்கே துளைபோட்டு, போர்ட்டல் சிரையை மேலே உள்ள கல்லீரல் சிரையோடு இணைத்து, 8 முதல் 10 மி.மீ. அகலமுள்ள உறைபோட்ட ஸ்டென்டை வைத்துவிடுவார்கள். மதகுக்குப் பக்கத்தில் புதுக் கால்வாய் வெட்டியதுபோல. அழுத்தம் 12-க்குக் கீழே இறங்கும். ரத்தக்கசிவு, வயிற்றுநீர் இரண்டுக்கும் சேர்த்து நிவாரணம். விலை என்னவென்றால், கல்லீரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா போன்ற கழிவுகள் நேராக மூளைக்குப் போகின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குழப்பம் வரும். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, கை நடுக்கம், ஆயிரம் முறை போட்ட போன் பூட்டு மறந்துபோவது. பெரும்பாலும் லாக்டுலோஸ் சிரப்பிலும் ரிஃபாக்சிமின் மாத்திரையிலும் கட்டுப்படும். இதயம் பலவீனமானவர்களுக்கு டிப்ஸ் ஆகாது. திடீரென்று பாயும் கூடுதல் ரத்தத்தை அந்த இதயம் தாங்காது.

என் கருத்தைக் கேட்டால், ஃபண்டஸிலிருந்து கொட்டும் இரவில் கையில் பசை இருக்கிறது, பழகிய மருத்துவர் இருக்கிறார் என்றால் அதுதான் முதல் தேர்வு. ரத்தம் நின்றபிறகு சிடி எடுத்துப் பாருங்கள். கள்ளவழி தெளிவாக இருந்து, வயிற்றுநீர் இல்லாமல், ஏற்கெனவே தடுமாற்றம் உள்ளவர் என்றால் பிஆர்டிஓ. வயிற்றுநீர் தேங்கிக்கொண்டே இருக்கிறது, மூளை தெளிவாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது என்றால் டிப்ஸ்.

நிற்கவில்லை என்றால்

பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ அழுத்தம் குறைக்கும் ஊசியும் வளையமும் போதாமல் போகும். அப்போது மூக்கு அல்லது வாய் வழியே பலூன் குழாய். 1950-லிருந்து செங்ஸ்டேக்கன், பிளேக்மோர் இருவர் பெயரில் வழங்குவது. இரைப்பைக்குள் பலூனை ஊதி மேல்நோக்கி இழுத்துக் கட்டினால் சிரை நசுங்கி ரத்தம் நிற்கும். பெரும்பாலும் நிற்கும் என்பது உண்மை. எடுத்ததும் பாதிப்பேருக்குத் திரும்ப வரும் என்பதும் உண்மை. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் சுவர் அழுகும். இதை வைத்த நோயாளியின் தலைமாட்டில் ஒரு கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிடுவோம். பலூன் நழுவி மேலே ஏறி மூச்சை அடைத்தால் யோசிக்காமல் குழாயை வெட்டிவிட வேண்டும். "எதுக்கு சிஸ்டர் கத்தரிக்கோல்?" என்று கேட்ட பையனுக்கு அன்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலூன் வைத்தாகிவிட்டது என்றால் அடுத்த 24 மணி நேரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்ற முடிவும் கையில் இருக்க வேண்டும். அந்த முடிவு பெரும்பாலும் டிப்ஸ். டிப்ஸ் வசதி இல்லாத இடத்தில் பலூன் வைத்திருந்தால், நோயாளி நிதானமாக இருக்கும் அந்த மணி நேரங்களில் இடம் மாற்றுவது பற்றிப் பேசுங்கள். மறுபடி கொட்ட ஆரம்பித்தபிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவது பெரிய பாவம்.

டிப்ஸைக் கடைசி அஸ்திரமாகவே வைத்திருப்பது சரியில்லை என்று இப்போது தெரிந்திருக்கிறது. 2010-ல் ஐரோப்பாவில் 63 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், கல்லீரல் மோசமாக இருந்தவர்களுக்கு ரத்தம் நின்றிருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் வைத்தார்கள். ஓராண்டுக்குப் பின் அந்தப் பிரிவில் 86 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 61. சைல்டு-பியூ என்ற மதிப்பெண்ணில் 10 முதல் 13 வரை உள்ளவர்களுக்கு இதைப் பரிசீலிக்கச் சொல்கிறார்கள். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றுநீர், மூளைத் தெளிவு ஆகிய ஐந்தையும் கூட்டி வருவது அந்த மதிப்பெண். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் கேளுங்கள்: "சைல்டு ஸ்கோர் எவ்வளவு டாக்டர்? இவருக்கு முன்கூட்டியே டிப்ஸ் வைக்கிற நிலைமையா?" இப்படிக் கேட்டு எந்த நல்ல மருத்துவரும் கோபித்து நான் பார்த்ததில்லை.

கல்லீரல் நன்றாக இருந்தும் ரத்தம் கக்குபவர்கள்

என் தம்பி ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் ரத்த வாந்தி எடுத்தான். ஒரு சின்ன மருத்துவமனையில் வயிற்றுப்புண் என்று சொல்லி ஆறு மாதம் சிரப் கொடுத்தார்கள். யாரும் அவன் வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்க்கவில்லை. மண்ணீரல் தொப்புள்வரை இறங்கியிருந்தது. இரண்டாவது முறை கக்கியபோது பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் குறையே இல்லை. அதற்குள் போகும் போர்ட்டல் சிரைதான் எப்போதோ அடைத்துப்போய், அந்த இடத்தில் வலைபோல் பல சின்னக் குழாய்கள் முளைத்திருந்தன. பிறந்த சில நாட்களில் தொப்புளில் வந்த சீழ் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். நம் நாட்டில் குழந்தைகள் ரத்தம் கக்க முக்கியக் காரணம் இந்த அடைப்புதான்.

அவனுக்கு அந்தக் காலத்து ஊசிமுறை ஒன்பது தடவை. நான்காவதுக்குப் பிறகு இட்லி தொண்டையில் நின்றது. அம்மா இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுப்பார். பதினோரு வயதில் அறுவை செய்தார்கள். மண்ணீரலை எடுத்துவிட்டு, அதன் சிரையை இடது சிறுநீரகச் சிரையோடு தைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் ரத்தம் கக்கவில்லை. மண்ணீரல் இல்லாததால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட்டிருக்கிறோம், காய்ச்சல் வந்தால் காத்திருப்பதில்லை. இன்று அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

சிரோசிஸ் நோயாளிக்கு இந்த அறுவை பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது, டிப்ஸ் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் கல்லீரல் ஆரோக்கியமாக உள்ள பிள்ளைக்கும் இளைஞனுக்கும் அது பழைய முறை அல்ல. வளையம் சிரையைக் கட்டுமே தவிர அழுத்தத்தைக் குறைக்காது, மண்ணீரலைச் சுருக்காது, நின்றுபோன வளர்ச்சியை மீட்காது. கிராமத்திலிருந்து மூன்று பஸ் மாறி வரும் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்க எண்டோஸ்கோப்பி என்பது நடக்கிற காரியமா? ஒரே அறுவையில் முடிவது அவர்களுக்குப் பெரிய வரம். அடைபட்ட இடத்தைத் தாண்டிக் குடல் சிரையை நேராகக் கல்லீரலுக்குள் இணைக்கும் ரெக்ஸ் பைபாஸ் இன்னும் நல்லது, ரத்தம் போகவேண்டிய இடத்துக்கே போகிறது. எல்லாக் குழந்தைக்கும் கல்லீரலுக்குள் உள்ள சிரை அதற்குத் தோதாக இருக்காது. குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள்பட்ட கணைய அழற்சி நம் பக்கத்திலும் கேரளத்திலும் அதிகம். அதில் மண்ணீரல் சிரை மட்டும் அடைத்துப்போய், ஃபண்டஸில் மட்டும் சிரை வீங்கும். மண்ணீரலை எடுத்தால் தீர்ந்தது. இவர்களுக்கு டிப்ஸ் வைத்தால் பலன் இல்லை.

நின்ற பிறகு: எல்லோரும் கோட்டைவிடும் இடம்

ரத்தம் நின்று வீட்டுக்குப் போனவர்களை எதுவும் செய்யாமல் விட்டால், ஓரிரு வருடத்துக்குள் பத்தில் ஆறு பேர் மறுபடி கக்குவார்கள். இதைத் தடுக்க மாத்திரையா, வளையமா? இரண்டும். புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும். வளையம் இருக்கிற சிரையை ஒழிக்கும். ஒன்றை விட்டால் மற்றது பாதி வேலைதான் செய்யும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்து, சிரை மறையும்வரை வளையம் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். முதல் முறை ஆறு வளையம். குடியை அன்றோடு விட்டார், நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், சொட்டுத் தொடவில்லை. மாத்திரையும் சாப்பிட்டார். இரண்டாவது வளையத்துக்கு மட்டும் வரவில்லை. "உடம்பு நல்லா இருக்கே சிஸ்டர், மகாராஷ்டிரா லோடு வந்துச்சு, போய்ட்டு வந்து பாத்துக்கலாம்னு இருந்தேன்." ஏழாவது வாரம் பாதி ரத்தம் இழந்து வந்தார். பிழைத்தார். மதுவை விட்ட மனிதருக்கு ஒரு தேதி நழுவியது இவ்வளவு ஆபத்தாகிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே அடுத்த தேதியை எழுதச் சொல்லி, வீட்டில் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

இதுவரை ரத்தமே வராமல், எண்டோஸ்கோப்பியில் பெரிய சிரை இருப்பது மட்டும் தெரியவந்தவருக்கு வளையமா மாத்திரையா என்றால் நான் மாத்திரைப் பக்கம். கார்வெடிலால் 6.25 மி.கி.-யில் ஆரம்பித்து 12.5 வரை. அது ரத்தக்கசிவை மட்டுமல்ல, வயிற்றில் நீர் கோப்பதையும் தள்ளிப்போடுகிறது. வளையத்துக்கு அந்தச் சக்தி இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், நாடித்துடிப்பு மிகக் குறைவானவர்கள், மாத்திரை தாங்காதவர்கள் வளையத்துக்குப் போகட்டும். மேல்ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், நீங்களாக விட்டுவிடக் கூடாது.

வளையம், மாத்திரை இரண்டும் இருந்தும் திரும்பக் கசிந்தால் அடுத்தது டிப்ஸ். கல்லீரலே கைவிட்டுக்கொண்டிருந்தால் மாற்று அறுவைதான் முழுத் தீர்வு. அதற்குப் பரிசோதிக்கும் மையத்துக்கு முதல் ரத்தக்கசிவு முடிந்த கையோடு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். படுத்த படுக்கையான பிறகு பெயர் பதிவதில் அர்த்தமில்லை. செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அதில் வருகிறதா என்று மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டு உதவி மேசையில் சேர்க்கும் அன்றே கேளுங்கள்.

அன்று கையைப் பிடித்த அக்காவின் கணவருக்கு உணவுக்குழாயில்தான் வெடித்திருந்தது. ஐந்து வளையம் போட்டு நின்றது. கழுத்து வழிக் குழாய்க்கு வேலை வரவில்லை. நான்காவது தடவை வந்தபோது கட்டுவதற்குச் சிரையே மிச்சமில்லை. அடுத்த எண்டோஸ்கோப்பி ஆறு மாதம் கழித்து, அப்புறம் வருடம் ஒருமுறை. "அப்ப மாத்திரையை நிறுத்திரலாமா சிஸ்டர்?" என்றார். கூடாது அக்கா, சிரை மறைந்தாலும் அழுத்தம் உள்ளேதான் இருக்கிறது என்றேன். சரி என்று சீட்டை மடித்து மாத்திரை டப்பாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.